வகிடு அகலமாகும் வயதில் என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 47. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது. வந்தால் ஒரு வாரத்துக்கு மேல், அதுவும் அதிகமாகப் போகிறது. ஒன்றரை வருடமாக உச்சி வகிடு அகலமாகிக்கொண்டே வருகிறது. தலைக்குக் குளிக்கும் அன்று வடிகாலில் முடி உருண்டையாகச் சேர்கிறது. எண்ணெயை மூன்று முறை மாற்றியாகிவிட்டது, பயோட்டின் மாத்திரையும் ஓடுகிறது. வீட்டில் "வயசானா கொட்டத்தான் செய்யும், விடு" என்கிறார்கள். இதற்கு வைத்தியம் உண்டா, விட்டுவிட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைத்தியம் உண்டு. இருக்கிற முடியைக் காப்பாற்றலாம், மெலிந்துபோனதில் ஒரு பகுதியைத் தேற்றலாம். கல்யாணத்தின்போது இருந்த சடை திரும்பி வராது. அதைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள். தோல் மருத்துவராக நான் பார்க்கிற வரையில், பெரும்பாலான பெண்கள் எண்ணெய், ஷாம்பு, மாத்திரை என்று ஓரிரு வருடத்தைக் கரைத்துவிட்டுத்தான் சிகிச்சைக்கு வருகிறார்கள். போன பணத்தைவிடப் போன காலம்தான் பெரிய நஷ்டம். மெலிந்த வேர் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் மருந்துக்கு மசியாது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் முடி கொட்டுகிறதா, மெலிகிறதா, அல்லது இரண்டும் நடக்கிறதா என்பது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் காரணமும் மருந்தும் வேறு.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேர் சுருங்கும், அப்புறம் சுமார் 3 மாதம் வளராமல் சும்மா இருந்து விழும். அதே குழியிலிருந்து புது முடி கிளம்பும். இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்புதான். வாரத்துக்கு இரண்டு தடவை தலைக்குக் குளிப்பவர்களுக்குப் பல நாள் விழ வேண்டியது ஒரே நாளில் கையோடு வரும். அதனால் குளித்த அன்று உட்கார்ந்து எண்ணாதீர்கள். எண்ணிப் பயந்ததைத் தவிர யாருக்கும் ஒரு பயனும் இருந்ததில்லை.

உடம்புக்கு ஏதாவது பெரிய அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும். டெங்கு, சிக்குன்குனியா, டைபாய்டு, கோவிட் போன்ற காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைப்பது, வீட்டில் ஒரு சாவு என்று எதுவும் காரணமாகலாம். ஆனால் நின்ற முடி அன்றே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். ஐப்பசி மழையில் டெங்கு வந்து எழுந்தவருக்குத் தை மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும், மார்கழியில் மாற்றிய ஷாம்பு மேல் பழி விழும். இந்தக் கொட்டல் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். அடங்கும் நேரத்தில் நீங்கள் எதைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்களோ அதற்குப் புகழ் போய்ச் சேரும். ஒவ்வொரு மூலிகை எண்ணெய்க்கும் "எனக்கு நின்னுடுச்சு" என்று சத்தியம் செய்ய நாலு பேர் இருப்பதன் ரகசியம் இதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. எண்ணெய் இல்லாமலும் நின்றிருக்கும், அவ்வளவே.

மெலிவது சத்தமில்லாமல் நடக்கும். குழியிலிருந்து முடி விழுந்து மறுபடி முளைக்கும்போது, முன்பைவிடச் சற்று மெல்லியதாக, சற்றுக் குட்டையாக, குறைந்த காலமே வளரக்கூடியதாக முளைக்கிறது. அடுத்த சுற்றில் இன்னும் மெல்லியதாக. கடைசியில் பூனைமுடி போல ஒன்று நிற்கும். தரையில் அதிகமாக முடி கிடக்காமலேயே அடர்த்தி போய்விடும். பெண்களுக்கு முன்நெற்றி வரிசை பெரும்பாலும் அப்படியே இருக்க, உச்சியில் மட்டும் வகிடு விரிகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் என்ற தோல் மருத்துவர் 1977இல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார். இன்றும் நோயாளிச் சீட்டில் 'லுட்விக் 1', 'லுட்விக் 2' என்று எழுதுவது அதைத்தான். ஆண்களைப்போல முழு வழுக்கையாவது பெண்களுக்கு அபூர்வம். முன்நெற்றி மாறாததால் கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. யாரோ மாடியிலிருந்து எடுத்த கல்யாண வீட்டுப் படத்தில்தான் பலர் முதன்முதலாகப் பார்த்து அதிர்கிறார்கள்.

இந்த வயதில் ஏன்? நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47ஐ ஒட்டி இருக்கிறது. மேலை நாடுகளில் 51. அதற்குச் சில வருடம் முன்பே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். முடியை நீண்ட நாள் வளரவைப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. அது குறையும்போது, பெண் உடம்பில் எப்போதும் கொஞ்சம் இருக்கிற ஆண் ஹார்மோனின் கை ஓங்குகிறது. பரம்பரையாக அதற்கு இளகிய வேர்கள் உச்சியில் இருப்பவர்களுக்கு மெலிவு தெரிய ஆரம்பிக்கிறது. இப்படிப்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் ஆண் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். எனவே "ஹார்மோன் டெஸ்ட் நார்மல்னு வந்துச்சே, அப்புறம் ஏன்?" என்று குழம்ப வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் என் ஊகம், இரண்டும் கலந்திருக்கிறது. வகிடு விரிவது மெலிவின் அடையாளம். வடிகாலில் சேரும் உருண்டைக்குக் காரணம் அநேகமாக மாதவிலக்கின்போது போகிற ரத்தம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மாதவிலக்கு நிற்கும் முன் வருடங்களில் அதிகப் போக்கு சகஜம்தான், கர்ப்பப்பையில் கட்டி இருந்தால் இன்னும் அதிகம். அதோடு இரும்புச்சத்தும் போய்க்கொண்டே இருக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பு முதலில் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். அந்தக் கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. அது 30க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். முடிக்காக இன்னும் கொஞ்சம் மேலே, 40க்கு மேல் வைத்திருக்க விரும்பும் மருத்துவர்கள் உண்டு.

இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்குவது நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. காபியும் டீயும் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள், ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், மகப்பேறு மருத்துவரிடம் போய் ஏன் இவ்வளவு போகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்பிப் பயனில்லை. பன்னிரண்டு மாதம் முழுதாக நின்ற பிறகு மறுபடி ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முடி விஷயம் அப்புறம் இருக்கட்டும்.

போக்கை நிறுத்த அவர் நோரெதிஸ்டிரோன் மாத்திரை கொடுக்கக்கூடும். கோயில், விசேஷம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் பெண்கள் கடையில் கேட்டு வாங்குகிற அதே மாத்திரை. ஆண் ஹார்மோனின் சாயல் கொஞ்சம் உள்ள மருந்து அது. சிலருக்கு முடி மெலிவைக் கூட்டலாம். தேவைப்பட்டால் சாப்பிடத்தான் வேண்டும், ஆனால் உங்களுக்கு முடி மெலிகிறது என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள். மாற்று வழிகள் இருக்கின்றன.

ஃபெரிட்டினோடு முழு ரத்த எண்ணிக்கை, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், வைட்டமின் பி12, வைட்டமின் டி, சர்க்கரை பார்த்தால் பெரும்பாலும் போதும். ஐயாயிரம் ரூபாய்க்கு 'ஹேர் பேக்கேஜ்' தேவையில்லை. மேலுதட்டிலும் தாடையிலும் முடி கரகரவென்று வளர்கிறது, முகப்பரு புதிதாகக் கிளம்புகிறது, குரல் தடிக்கிறது என்றால் மட்டும் ஆண் ஹார்மோன் அளவுகளையும் பார்க்க வேண்டும். இவை சில மாதத்துக்குள் வேகமாக வந்திருந்தால் தாமதிக்கக் கூடாது. சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

பயோட்டினுக்கு வருவோம். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவைப்படுவது 30 மைக்ரோகிராம் அளவு. நீங்கள் சாப்பிடும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், 10,000 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். சாதாரணமாகச் சாப்பிடுகிற யாருக்கும் பயோட்டின் குறைவு வருவது மிக அபூர்வம். குறைவு இல்லாதவருக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மிச்சம் சிறுநீரில் போய்விடும், பணம் மட்டும்தானே வீண் என்று நானும் விட்டுவிடுவேன். ஆனால் அது ரத்தப் பரிசோதனையைக் கெடுக்கிறது. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினை வைத்தே ஹார்மோன்களை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் டிஎஸ்ஹெச் உண்மையைவிடக் குறைவாகவும் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அதிகமாகவும் காட்டும். இல்லாத தைராய்டு நோய்க்கு மாத்திரை ஆரம்பித்துவிடுவார்கள், அல்லது இருக்கிற நோய் தெரியாமல் போகும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனைகூடப் பொய்யாகக் குறைந்து வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017இலேயே இதற்கு எச்சரிக்கை விட்டது. எனவே ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். என்னைக் கேட்டால் திரும்ப ஆரம்பிக்கவே வேண்டாம்.

சில அறிகுறிகள் இருந்தால் நான் இங்கே எழுதுவது எதுவும் பொருந்தாது, நேரே தோல் மருத்துவரிடம் போக வேண்டும். வட்டமாக, வழவழவென்று ஓரிடத்தில் மட்டும் முடி போவது புழுவெட்டு. புழு எதுவும் இல்லை, நம் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குவது அது. அதற்கு மருந்து வேறு. மண்டையில் எரிச்சல், வலி, முடியைச் சுற்றிச் செதில் என்றால் வேர் தழும்பாகிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, முன்நெற்றி வரிசையே மேலே ஏறிக்கொண்டு போவது, கூடவே புருவமும் மெலிவது. மாதவிலக்கு நின்ற பெண்களிடம் இதை 1994இல் சிட்னியைச் சேர்ந்த கோஸார்ட் என்ற தோல் மருத்துவர் விவரித்தார். தழும்பான இடத்தில் முடி திரும்ப முளைக்காது. இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும் என்பதால் ஒவ்வொரு மாதமும் முக்கியம். புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு, நெற்றி ஏறுவதை வயசு என்று விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

இனி மருந்து. மெலிவுக்கு நன்றாக நிரூபணமான வெளிப்பூச்சு மினாக்சிடில் ஒன்றுதான். முதலில் கடுமையான ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்குக் கை, முகம் எல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குத் தடவும் யோசனை பிறந்தது. 1988இல் அமெரிக்காவில் ஆண்களுக்கு அனுமதி. பெண்களுக்கு 2 சதவீதக் கரைசல் 1990களின் தொடக்கத்தில் வந்தது. 5 சதவீத நுரை, நாளுக்கு ஒருமுறை, 2014இல். நம் மருந்துக்கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது, மாதச் செலவு சில நூறு ரூபாய். நல்ல எண்ணெய்ப் பாட்டிலை விடக் குறைவு என்றே சொல்ல வேண்டும்.

பாதிப் பேர் இதில் தோற்பது மருந்தால் அல்ல, தடவும் விதத்தால். மண்டைத் தோல் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக் கூடாது. வகிட்டை எடுத்து ஒரு கோடு, அரை அங்குலம் தள்ளி இன்னொரு கோடு என்று உச்சி முழுவதும் தோலில் படும்படி 1 மில்லி விட்டு விரலால் பரப்ப வேண்டும். முடியில் தடவினால் ஒரு பயனும் இல்லை. நாலு மணி நேரம் நனைக்கக் கூடாது. படுக்கப் போகும் முன் காய்வதற்கு நேரம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தலையணை வழியாகக் கன்னத்துக்குப் போய் அங்கே முடி வளர்க்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: மினாக்சிடில் பூனைக்கு விஷம், சிறிதளவு நக்கினாலும் உயிருக்கே ஆபத்து.

ஆரம்பித்து இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதம்வரை முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம். சும்மா இருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வருகிறது என்று அர்த்தம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் பயந்து பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நாலு மாதத்துக்குமுன் எதையும் எதிர்பார்க்காதீர்கள், ஆறாம் மாதம் படத்தை ஒப்பிடுங்கள், ஒரு வருடத்தில்தான் முழுப் பலன் தெரியும். நிறுத்தினால் சில மாதத்தில் கிடைத்தது போய்விடும். "அப்போ ஆயுசுக்கும் தடவணுமா?" என்று கேட்பீர்கள். ஆமாம், வேண்டும் என்கிறவரை தடவ வேண்டும். பிடிக்கவில்லையென்றால் ஆரம்பிக்காமல் இருப்பதும் நியாயமான முடிவுதான். அரிப்பு வந்தால் கரைசலில் உள்ள புரொப்பிலீன் கிளைக்காலுக்கு ஒவ்வாமை இருக்கலாம், நுரைக்கு மாறலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் பயன்படுத்தக் கூடாது.

எண்ணெயும் இதுவும் எப்படி ஒத்துப்போகும் என்பதுதான் நம் பெண்களின் உண்மையான சிக்கல். எண்ணெய் வைக்காமல் ஒருநாள்கூட இருந்ததில்லை என்பார்கள். தலைக்குக் குளிக்கும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் எண்ணெய், அதுவும் முடியின் நீளத்துக்கு. மற்ற நாட்களில் மண்டைக்கு மருந்து. இப்படி வைத்துக்கொண்டால் இரண்டும் சண்டை போடாது.

தடவ முடியாதவர்களுக்கு மினாக்சிடிலையே மிகக் குறைந்த அளவில், 0.25 முதல் 2.5 மில்லிகிராம் வரை, மாத்திரையாகக் கொடுப்பது இப்போது பெருகிவிட்டது. நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் முகத்தில் முடி, கால் வீக்கம், படபடப்பு வரலாம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி வாங்கக் கூடாது. ஆண் ஹார்மோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் இன்னொரு வழி. ரத்த அழுத்தம் குறையும், பொட்டாசியம் ஏறலாம், ஆகவே பரிசோதனை தேவை. கருவில் ஆண் குழந்தை இருந்தால் அதைப் பாதிக்கும். 47 வயதில் மாதவிலக்கு நிற்காதவர் கருத்தடை இல்லாமல் இதைச் சாப்பிடக் கூடாது, "இந்த வயசிலயா டாக்டர்?" என்று சிரித்தாலும் நான் சொல்லத்தான் செய்வேன். ஆண்களுக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராமை, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அது ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. கூடுதல் அளவில் சிலருக்குப் பயன்படுத்துகிறார்கள். அது முதல் தேர்வு அல்ல. உடம்பில் குப்பென்று சூடு பரவுவது, தூக்கமின்மை ஆகியவற்றுக்காக ஹார்மோன் சிகிச்சை எடுப்பது தனி விஷயம். முடிக்காக மட்டும் அதை ஆரம்பிப்பதில்லை.

பிஆர்பி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றித் தட்டணுக்கள் நிறைந்த பகுதியை மண்டையில் ஊசியாகப் போடுவது. சிலருக்கு அடர்த்தி கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு கிளினிக்கும் ஒவ்வொரு விதமாகத் தயாரிக்கிறது, ஆய்வு முடிவுகளும் ஒருபக்கமாக இல்லை. மாதம் ஒன்றாக மூன்று தடவை, பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை என்று செலவு தொடரும். ஃபெரிட்டின்கூடப் பார்க்காமல் முதல் நாளே பத்து ஊசிக்குப் பேக்கேஜ் எழுதுகிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். முடி மாற்று அறுவை பெண்களில் சிலருக்கே பொருந்தும். பின்தலையிலும் மெலிந்திருந்தால் எடுத்து நடுவதற்கு நல்ல முடி எங்கே இருக்கிறது?

எண்ணெயைக் குறைத்துப் பேசுகிறேன் என்று கோபப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, துவைக்கும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்பது 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வில் தெரிந்தது. உடைவது குறையும், பளபளப்பு இருக்கும். வேரில் அதற்கு வேலை இல்லை. பொடுகு உள்ளவர்கள் மண்டையில் எண்ணெயை ஊறவைத்தால் பொடுகுக் காளான் அந்தக் கொழுப்பைத் தின்றே பெருகும். அவர்களுக்கு வாரம் இரண்டு முறை கீட்டோகோனசோல் ஷாம்பு நல்லது. ரோஸ்மேரி எண்ணெய் மினாக்சிடிலுக்குச் சமம் என்று இணையத்தில் பரவுவது 2015இல் ஈரானில் 100 ஆண்களிடம் செய்த ஓர் ஆய்வை வைத்து. ஒப்பிட்டதும் 2 சதவீதக் கரைசலோடு. வெங்காயச் சாறு புழுவெட்டுக்குச் சிறிய ஆய்வு ஒன்றில் பார்க்கப்பட்டது, உங்கள் பிரச்சினைக்கு அல்ல. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி பிடித்தால் தேய்த்துக்கொள்ளுங்கள், கேடில்லை. போர் தண்ணீரின் உப்பு முடியை முரடாக்கி உடைக்கும், வேரை எதுவும் செய்யாது. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் தோற்றம்தான். வேண்டுதல் இருந்தால் பழனிக்குப் போய்ப் போடுங்கள், வைத்தியமாகப் போட வேண்டாம்.

சாப்பாட்டில் நான் முதலில் பார்ப்பது புரதம். இட்லி, சோறு, ரசம், அப்பளம், இரவு தோசை என்று ஓடும் நாளில் புரதம் போதுமான அளவு தேறாது. 55 கிலோ எடைக்கு நாளுக்கு 45 கிராம் அளவு வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். சுண்டல், பாசிப்பயறு, தயிர், மீன் என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்று இருக்கட்டும். குழந்தைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் வைத்துவிட்டு மீனின் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்பவர்கள் எத்தனை பேர்! பேலியோ, விரதம் என்று மூன்று மாதத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோ குறைத்தவர்களுக்கும், இப்போது புதிதாக வந்திருக்கும் எடை குறைக்கும் ஊசி போடுபவர்களுக்கும் கொட்டல் வரும். வேகமான எடைக் குறைவே பெரும்பாலும் காரணம். வைட்டமின் ஏ, செலினியம் மாத்திரைகளை அளவுக்கு மீறிச் சாப்பிட்டாலும் முடி கொட்டும்.

தலை வாருவதிலும் மாற்ற வேண்டியது இருக்கிறது. ஈரத்தலையோடு இறுகப் பின்னி, சவுரி வைத்து, கொண்டை போட்டு, அதன்மேல் நாலு முழம் பூவும் கொண்டை ஊசியும் குத்தும் பழக்கம் நெற்றியோரத்து முடியை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. காதுக்கு முன்னால் வழுக்கை விழுவது பலருக்கு இதனால்தான். பூவைத் தளர்ந்த பின்னலில் வையுங்கள், வகிட்டை அவ்வப்போது இடம் மாற்றுங்கள். இடுப்பு நீளத்தை விடமாட்டேன் என்று பிடிவாதம் வேண்டாம். தோளுக்குச் சற்றுக் கீழே அடுக்கடுக்காக வெட்டினால் இருக்கிற முடி இரண்டு மடங்காகத் தெரியும். நேர்வகிட்டைக் கொஞ்சம் கோணலாக எடுத்தாலே பாதி மறைந்துவிடும்.

டை அடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கருகரு நிறம் மண்டைத் தோலை இன்னும் எடுத்துக் காட்டும், அடர்பழுப்பு மறைக்கும். அம்மோனியா இல்லை என்று போட்டிருந்தாலும் ஒவ்வாமை தரும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கலாம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடியுங்கள். பாக்கெட்டில் வரும் உடனடிக் கறுப்பு மருதாணியிலும் அதே பிபிடிதான். அகன்ற வகிட்டைக் குங்குமத்தால் நிரப்பி மறைப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: சாயக் குங்குமம் அரித்தால் உடனே நிறுத்துங்கள், அரிப்போடு மல்லுக்கட்டினால் வகிடு இன்னும் புண்ணாகும்.

விசேஷ நாளுக்கு வகிட்டில் தூவும் கெரட்டின் பொடி இருக்கிறது. வேர்வைக்கு ஓரளவு தாங்கும், மழைக்குத் தாங்காது. உச்சியில் மட்டும் கிளிப்பில் மாட்டும் டாப்பர் என்ற சிறு சவுரி நன்றாகவே பொருந்துகிறது. ஒரே இடத்தில் தினமும் கிளிப் மாட்டாமல், இரவில் கழற்றிவிட்டால் போதும். நம் பாட்டிமார் சவுரி வைத்ததை ஒளிக்கவில்லை, முற்றத்தில் வைத்துச் சீவிப் பின்னினார்கள். திருப்பதியில் காணிக்கையாகும் முடி ஏலம் போய் உலகம் முழுக்கப் பெண்கள் தலையில் இருக்கிறது. நீங்கள் மட்டும் கூச்சப்பட என்ன இருக்கிறது?

வீட்டில் சொல்வதில் பாதி உண்மை, வயதும் ஒரு காரணம்தான். ஆனால் கண்புரையும் வயதால்தான் வருகிறது, அதை யாரும் விடு என்று சொல்வதில்லை. தலையைப் பார்த்து விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பது, போட்டோவிலிருந்து ஒதுங்குவது, தூக்கம் போவது என்று வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த வயதில் மனச்சோர்வும் கூடவே வருவது உண்டு, அதற்குத் தனியாக உதவி கிடைக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: ஜன்னல் ஓரமாக, ஒரே இடத்தில் உட்கார்ந்து, காய்ந்த தலையில் நேர்வகிடு எடுத்து மகளை மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே போல எடுங்கள். கண்ணாடி ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்லும், படம் பொய் சொல்லாது. பயோட்டினை நிறுத்தி மூன்று நாள் கழித்து ரத்தம் கொடுங்கள். சாப்பிடும் எல்லா மருந்தின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளும், வலிப்புக்கான வால்ப்ரோயேட்டும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்துகளும் முடியைக் கொட்டவைக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

மகளுக்கும் இப்படி வருமா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு இருந்தால் வாய்ப்பு கூடும், கட்டாயமில்லை. அப்பா வழியிலிருந்தும் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 21 வயதில் அவளுக்கு இப்போது கொட்டுவது, நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், விடுதிச் சாப்பாடும் போன மாதங்களில் வந்த காய்ச்சலும் சேர்ந்த கணக்காகத்தான் தெரிகிறது. மாதவிலக்கு ஒழுங்காக வராமல் முகப்பருவும் தாடையில் முடியும் இருந்தால் மட்டும் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மற்றபடி, அவள் உச்சியில் இறுக்கிக் கட்டுகிற குதிரைவாலைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள்.